பதினாலு கிலோ காவல்காரன்

மேஜைக்கு அடியில் குந்தியிருந்த கறுப்புப் பெட்டியைச் சுட்டிக்காட்டி, “இவன்தான் குற்றவாளி” என்றான் கொழுந்தன்.

வழக்கு தொடங்கி நான்கு நிமிடம்தான் ஆகியிருந்தது. போன வழக்கில் குற்றவாளியைப் பிடிக்க அவனுக்கு ஆறு நிமிடம் ஆனது. அதுவும் தப்பான ஆள்.

“தம்பி, முதல்ல உட்காருங்க. அப்புறம் தூக்குல போடலாம்” என்றாள் அண்ணி.

அந்த வட்டாரத்தில் துப்பறிவதற்கென்று போர்டு மாட்டிய ஒரே ஆள் அண்ணிதான். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் மூன்று தெரு தள்ளி இருக்கும் திருடனுக்குத் தும்மல் வரும் என்பார்கள். இப்படிச் சொல்லிக்கொண்டு திரிவது பெரும்பாலும் கொழுந்தன்தான். ஃபிரிட்ஜும் ஃபேனும் விற்கும் கடையில் ஆறு வருடம் வாயால் பிழைத்தவன். கடைசியில் முதலாளிக்கே அவர் கடை ஃபிரிட்ஜை விற்றுவிட்டான் என்று வேலையை விட்டு அனுப்பினார்கள். அன்று முதல் அண்ணன் மனைவியின் உதவியாளன். அண்ணனுக்கு இந்த ஏற்பாட்டில் பெருமகிழ்ச்சி. இருவரும் வெளியே போனால் வீடு அமைதியாக இருக்கும்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை மணி ஒன்பது இருபது. மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்மணி இரண்டு காதிலும் தேங்காய் மூடி அளவுக்கு ஹெட்போன் மாட்டியிருந்தாள். கொழுந்தன் அவள் வீட்டு வாசலிலேயே அவளுக்கு ‘ஹெட்போன் அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டான். நீதிமன்ற விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. வக்கீல் இருமினால் ‘இருமல்’ என்றுகூட அடிக்க வேண்டும்.

ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டு அவள் பேசினாள்.

“பன்னிரண்டு மணிக்குள்ள இந்த ஃபைலை அனுப்பியாகணுங்க. ரெண்டு தடவை கெட்டுப் போச்சு. போன செவ்வாய் ஒன்னு, வெள்ளி ஒன்னு. தினமும் காலையில பதினொரு மணிக்குக் கரண்ட் போகும். எங்க தெருவுக்கே போகும், லைன் மாத்துறாங்களாம். மூனே மூனு செகண்ட். அந்த மூனு செகண்டைத் தாங்கத்தானே இந்த யு.பி.எஸ்.ஸை வாங்கினது? கம்ப்யூட்டர் பொட்டுனு அணைஞ்சுது.”

“அப்பப்போ சேமிச்சு வெச்சுக்கக் கூடாதா அக்கா?” என்றான் கொழுந்தன்.

“கோர்ட் பதிவுப்பா. நகல் எடுக்க விடாது. காலையில ஒரு தடவை திறந்தா, முடிச்சு அனுப்புற வரைக்கும் மூடக் கூடாது. அணைஞ்சா அன்னைக்கு அடிச்சது மொத்தமும் போச்சு, மறுபடி அனுமதி வர ஒரு நாள் ஆகும். விடியக்காலை ஆறு மணியிலேருந்து தட்டிக்கிட்டிருக்கேன்.”

“ஆபீஸ்ல என்ன சொல்றாங்க?” என்றாள் அண்ணி.

“மூனாவது தடவை தாமதமானா வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்களாம். கோபமா சொல்லியிருந்தாக்கூட பரவாயில்லை. ரொம்ப அன்பா சொன்னாங்க.”

அண்ணி கண்ணாடியைக் கழற்றினாள். “செவ்வாய், வெள்ளி தவிர மத்த நாள்ல பதினொரு மணிக்கு?”

“கரண்ட் போகும். கம்ப்யூட்டர் அசையாது.”

“அப்போ பேட்டரி நல்லாத்தான் இருக்கு. கிழமை பார்த்து வர்ற காய்ச்சலை நான் பார்த்ததில்லை. அணைஞ்சதும் என்ன பண்ணீங்க?”

“என்ன பண்றது, தலையில கையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். அஞ்சு நிமிஷத்துல எங்க வீட்டுக்காரர் டீயோட வந்து நின்னார். ரெண்டு தடவையும். அது ஒன்னுதான் ஆறுதல்.”

“நல்ல மனுஷன்” என்று கொழுந்தன் உருகினான். பிறகு பெட்டியைப் பார்த்து மறுபடி முறுக்கிக்கொண்டான். “அண்ணி, நான் சொல்றேன் கேளுங்க. இந்த யு.பி.எஸ். இவ்வளவு பெருசா இருக்கே, உள்ள என்ன இருக்கும்? செங்கல். கடைக்காரன் பேட்டரியை உருவிட்டு ரெண்டு செங்கலை வெச்சு—”

“பதினாலு கிலோ இருநூறு கிராம்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வீட்டுக்காரர் வந்திருந்தார். லாரிகளை ஏற்றி நிறுத்தி எடைபோடும் எடைமேடையில் இருபது வருடமாக வேலை. எதையும் கனத்தை வைத்தே மதிப்பவர். பூட்டு வாங்கினாலும் புத்தகம் வாங்கினாலும் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். அந்த வீட்டுத் தலையணையில் ஒரு ராத்திரி படுத்த விருந்தாளி ஒருவருக்குக் கழுத்து இன்னும் இடதுபக்கம்தான் திரும்புகிறதாம்.

“கடையில இருந்ததுலேயே கனமானது இதுதாங்க. லேசா இருக்கறதுல சரக்கு இருக்காது. இப்போ முப்பத்தோரு கிலோவுல ஒன்னு வந்திருக்காம். மத்தியானம் ஒரு மணிக்குத்தான் எனக்கு வேலை. வாங்க, போய்த் தூக்கிட்டு வந்துடலாம்.”

“வாங்கிட்டு வந்தாலும் இன்னைக்கு மாட்ட முடியாது” என்றாள் அண்ணி. “பழசை அவிழ்த்தா கம்ப்யூட்டர் அணைஞ்சுடும். இந்தப் பெட்டியோட பின்பக்கத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா?”

பார்க்க முடியாது. தூசு படக் கூடாது என்று வீட்டுக்காரர் தம் கையாலேயே மரச்சட்டம் அடித்து யு.பி.எஸ்.ஸை உள்ளே வைத்து, சுவரோடு சுவராகத் தள்ளியிருந்தார். முன்னால் ஒரு பொத்தானும் பச்சை விளக்கும் மட்டும் தெரிந்தன. சட்டத்தை ஓர் அங்குலம் நகர்த்தினாலும் எந்த ஒயர் கழலும் என்று யாருக்கும் தெரியாது. ஹெட்போன் அக்கா இரண்டு காலையும் பெட்டிக்கு முன்னால் குறுக்கே போட்டுக்கொண்டாள்.

“தொடாதீங்க. அனுப்பின பிறகு உடைச்சுக்கூடப் பாருங்க.”

“சரி. கைவைக்காம வைத்தியம் பார்க்கணும்” என்று எழுந்தாள் அண்ணி. “ஒரு பொருளைப் பத்தி வாங்கினவர் சொல்றது பாதி. மீதி வித்தவர்கிட்ட இருக்கும். கடைக்குப் போயிட்டு வரோம். நீங்க வீட்லயே இருங்க” என்றாள் வீட்டுக்காரரிடம்.

மேஜைக்கு நேர் எதிரே சமையலறை. அங்கே இருந்த மைக்ரோவேவ் அடுப்பின் கடிகாரம் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று பச்சையாகக் கண்ணடித்தது. கூடத்து ரேடியோவிலும் பன்னிரண்டு. துணி துவைக்கும் இயந்திரத்திலும் பன்னிரண்டு. கரண்ட் போய் வந்தால் இந்தக் கடிகாரங்கள் அப்படித்தான். யாராவது திருத்தும்வரை அங்கேயே நின்று இமைக்கும்.

“திருத்த மாட்டீங்களா?” என்றாள் அண்ணி.

“தினமும் கரண்ட் போகுது. தினமும் யார் திருத்துறது?” என்றாள் ஹெட்போன் அக்கா. “எங்க வீட்ல எப்பவுமே பன்னிரண்டு மணிதான்.”

“ஒன்பது முப்பத்திரண்டு” என்று அடுத்த அறையிலிருந்து கம்பீரமாக ஓர் அறிவிப்பு வந்தது.

திறந்திருந்த கதவு வழியே பார்த்தார்கள். கட்டிலில் சாய்ந்திருந்தார் ஹெட்போன் அக்காவின் மாமனார். பேருந்து நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசில் ஊதாமல் ஒரு பஸ்ஸும் நகர்ந்ததில்லை. ஓட்டுநர்கள் தும்மலைக்கூட அவரிடம் நேரம் கேட்டுத்தான் போட்டார்கள். தலைமாட்டில் ஒரு மின்கடிகாரம் சிவப்பு எண்களில் ஒன்பது முப்பத்திரண்டு காட்டியது.

“வெளிய போறவங்க எத்தனை மணிக்குத் திரும்புவீங்க?” என்றார்.

“பத்தே முக்கால் ஆகும் ஐயா.”

“பத்து நாற்பத்தஞ்சு” என்று திருத்திக்கொண்டார் மாமனார்.

*

கடை பத்து நிமிட நடைதான். வாசலிலேயே கடைக்காரர் கொழுந்தனை அடையாளம் கண்டுகொண்டார்.

“நீ அந்த ஃபிரிட்ஜ் கடைப் பையன்தானே? சொந்த முதலாளிக்கே—”

“அது பழைய கதைங்க. இப்போ நான் துப்பறியும் துறை. உண்மையைச் சொல்லுங்க, யு.பி.எஸ்.ஸுக்குள்ள செங்கல் வெச்சீங்களா இல்லையா?”

கடைக்காரர் ஒரு நிமிடம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “செங்கலா? இன்னைக்கு செங்கல் விக்கிற விலைக்கு பேட்டரியை எடுத்துட்டு செங்கல் வெச்சா எனக்கு நஷ்டம்ப்பா.”

அண்ணி சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். “நானும் ஒன்னு வாங்கணும். வீட்ல ஒரு கம்ப்யூட்டர். எது எடுக்கலாம்?”

கடைக்காரரின் முகத்தில் ஆயிரம் வாட் விளக்கு எரிந்தது. மூலையில் இருந்த முப்பத்தோரு கிலோ யானையைக் காட்டினார். “இதைப் போட்டுட்டீங்கன்னா உங்க கம்ப்யூட்டர் மட்டுமில்லை, உங்க தெருவே ஓடும்.”

“தெரு எங்க ஓடும், அண்ணி? நம்ம தெரு நடக்கறதே கஷ்டம்” என்றான் கொழுந்தன்.

“எனக்குத் தெரு வேண்டாம்” என்றாள் அண்ணி. “கரண்ட் போனா ஒரு கால் மணி நேரம் வேலையை முடிச்சு ஒழுங்கா அணைக்கணும். அவ்வளவுதான். என் கம்ப்யூட்டரும் திரையும் சேர்ந்து இருநூத்தம்பது வாட் தின்னும்.”

யானையின் மேலிருந்த கையைக் கடைக்காரர் மெல்ல எடுத்துக்கொண்டார். கணக்குத் தெரிந்த வாடிக்கையாளர் வந்துவிட்டார் என்பது புரிந்தது. அலமாரியிலிருந்து நடுத்தரப் பெட்டி ஒன்றை இறக்கினார்.

“அப்போ இது போதும்மா. ஆயிரம்.”

“ஆயிரம் வாட்டா?”

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். “பெட்டியில போட்டிருக்கறது வி.ஏ. கணக்கு. அதுல ஆயிரம். வாட்டுல பார்த்தா… அறுநூறு வரும்.”

“கல்யாணத் தரகர் சொல்ற சம்பளம் ஒன்னு, மாசக் கடைசியில கைக்கு வர்ற சம்பளம் ஒன்னு. அந்த மாதிரியா?” என்றான் கொழுந்தன்.

“அதேதான். எல்லாக் கம்பெனியும் தரகர் கணக்கைத்தான் பெரிய எழுத்துல போடுவாங்க. உள்ள சின்ன எழுத்துல வாட் இருக்கும். வாங்க வர்றவங்க யாரும் அதைப் படிக்க மாட்டாங்க. அந்த எடைமேடைக்காரர் வாங்கினதும் இதே ஆயிரம்தான், பழைய மாடல். இந்தப் புது மாடல் ஒன்பது கிலோதான், இதை எடுங்கன்னு தலையால தண்ணி குடிச்சு சொல்லிப் பார்த்தேன். அவர் என்ன பண்ணார் தெரியுமா? பையிலேருந்து கொக்கித் தராசை எடுத்து என் கடையில இருக்கற ஒவ்வொரு பெட்டியையும் தொங்கவிட்டார். ரெண்டு மணி நேரம். கடை வாசல்ல கூட்டம் சேர்ந்துடுச்சு. ஒருத்தர் தேங்காய் என்ன விலைன்னு கேட்டார்.”

கொழுந்தனுக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்தது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

“யு.பி.எஸ். தவிர வேற ஏதாவது வாங்கினாரா?”

“எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்னு. ஒயர் நீளமா வேணும்னு கேட்டார். பத்து மீட்டர்.”

அண்ணி எழுந்துவிட்டாள். தெருவுக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

“தம்பி, மேஜையிலேருந்து யு.பி.எஸ். எவ்வளவு தூரம்?”

“ஒரு முழம். கொசு பறந்தா மூச்சு வாங்காத தூரம்.”

“அப்போ பத்து மீட்டர் ஒயர் எங்க போச்சு?”

கொழுந்தன் விரலை மடக்கி முழத்தையும் மீட்டரையும் கணக்குப் போட்டான். 

“இன்னொன்னு” என்றாள் அண்ணி நடையை எட்டிப் போட்டபடி. “தினமும் பதினொரு மணிக்குக் கரண்ட் போற வீடு. எல்லாக் கடிகாரமும் பன்னிரண்டுல நின்னு கண்ணடிக்குது. ஒன்னே ஒன்னு மட்டும் சரியான நேரம் காட்டுது.”

“மாமனாரோட கடிகாரம். அவர் நேரக் காப்பாளர் அண்ணி, தினமும் திருத்தி வெச்சிருப்பார்.”

“மத்த கடிகாரத்தை எல்லாம் விட்டுட்டா? முப்பத்து நாலு வருஷம் விசில் ஊதினவர், கூடத்து ரேடியோ தப்பு நேரம் காட்டறதைப் பார்த்துக்கிட்டு சும்மா இருப்பாரா? அவருக்குத் திருத்தவே தெரியாது தம்பி. தெரிஞ்சிருந்தா அந்த வீட்ல எல்லாமே ஒன்பது முப்பத்திரண்டு காட்டியிருக்கும். அந்தக் கடிகாரத்துக்கு நேத்துக் கரண்ட் போனதே தெரியலை. அதான் விஷயம்.”

*

பத்து நாற்பத்தைந்துக்கு வாசலில் கால் வைத்தார்கள். “சரியான நேரம்” என்று உள்ளேயிருந்து சான்றிதழ் வந்தது.

ஹெட்போன் அக்கா இரண்டு காதையும் மூடிக்கொண்டு பேய் மாதிரித் தட்டிக்கொண்டிருந்தாள். பதிவில் இன்னும் ஒரு சாட்சி பாக்கி. வீட்டுக்காரரைக் காணவில்லை. அண்ணி நேராக மாமனாரின் அறைக்குள் போனாள். சுவரில் இன்டர்நெட் ஒயருக்காகப் போட்டிருந்த ஓட்டை. அதன் வழியே அந்த இன்டர்நெட் ஒயரோடு ஒட்டிக்கொண்டு புத்தம் புதிய வெள்ளை ஒயர் ஒன்றும் வந்து, கட்டிலுக்கு அடியில் மறைந்தது. கொழுந்தன் மண்டியிட்டுப் பார்த்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மூன்று துளைகள். ஒன்றில் கடிகாரம். இரண்டு காலி.

“ஐயா” என்று எழுந்து நெஞ்சை நிமிர்த்தினான் கொழுந்தன். “மருமகளோட யு.பி.எஸ்.ஸிலேருந்து கரண்ட் திருடினது நீங்கதான்.”

மாமனார் கொஞ்சமும் தடுமாறாமல் இரண்டு கைகளையும் விலங்குக்காக நீட்டினார்.

“ஆமாம்பா. நான்தான். எப்பப் பார்த்தாலும் பன்னிரண்டு மணி அடிக்கிற வீட்ல ஒரு நேரக் காப்பாளர் எப்படிப்பா உயிர் வாழறது? பையன்கிட்ட சொன்னேன், ஒயர் இழுத்துக் கொடுத்தான். ரெண்டு நாள் அதுவும் நின்னப்போ அவனே திருத்தியும் கொடுத்தான். என்னால அந்தப் பொண்ணு வேலை போகுதுன்னா நான் இந்தக் கடிகாரத்தை உடைச்சே போட்டுடறேன்.”

நீட்டிய கைகளில் ஒன்று உண்மையிலேயே கடிகாரத்தை நோக்கிப் போனது. கொழுந்தனுக்கே பாவமாகிவிட்டது.

“கையை இறக்குங்க ஐயா” என்றாள் அண்ணி. “கடிகாரம் சாப்பிடறது எறும்பு சாப்பாடு. அஞ்சு வாட் இருக்காது. யு.பி.எஸ்.ஸுக்கு அது வந்து உட்கார்ந்ததே தெரியாது. அதோட, கடிகாரம் தினமும் அதுல சொருகித்தான் இருக்கு. கம்ப்யூட்டர் செவ்வாயும் வெள்ளியும்தான் சாகுது.”

“அப்போ நான் இல்லையா?” என்றார் மாமனார். அதில் நிம்மதியோடு கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது.

“முழுசா இல்லைன்னு சொல்ல முடியாது.” அண்ணி ஜன்னல் திண்டைத் தடவிப் பார்த்தாள். மரத்தில் பழுப்பாக மூன்று வட்டக் கறைகள், ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு. “டாக்டர் உங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை டீ சொல்லியிருக்கார்?”

மாமனார் திடீரென்று மேற்கூரையை ஆராயத் தொடங்கினார். “ரெண்டு.”

“காலையில ஒன்னு, சாயங்காலம் ஒன்னு. இடையில?”

“மணி பத்து ஐம்பத்தாறு” என்றார் மாமனார்.

“பதினொன்னுக்கு இன்னும் நாலு நிமிஷம்தான். குற்றவாளி இப்போ இந்த அறைக்கு வருவார். தம்பி, கதவுக்குப் பின்னால நில்லுங்க. மூச்சு விடலாம், பேசக் கூடாது.”

கொழுந்தனுக்கு இதைவிடக் கொடிய தண்டனை இல்லை. ஆனாலும் நின்றான். கூடத்தில் காலடிச் சத்தம். யாரோ பூனை மாதிரி நடந்து வந்தார்கள், ஆனால் கனமான பூனை. கதவு முழங்கையால் தள்ளப்பட்டது. ஒரு கையில் தண்ணீர்ச் செம்பும் இன்னொரு கையில் துண்டால் மூடிய ஏதோ ஒன்றுமாக உள்ளே வந்தவர், ஹெட்போன் அக்காவுக்கு இருமுறையும் ஆறுதல் கொடுத்த அந்த நல்ல மனுஷன்.

அண்ணி துண்டை எடுத்தாள். கையடக்கமான, பளபளப்பான, சின்ன மின்சாரக் கெட்டில்.

வீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

“அதை எங்கேயும் சொருகாம கையிலேயே வெச்சுக்கிட்டு சொல்லுங்க” என்றாள் அண்ணி. “செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் உங்களுக்கு மத்தியான வேலை. அப்படித்தானே?”

“ஆமாங்க. காலையில வீட்ல இருக்கறது அந்த ரெண்டு நாள்தான். போன வாரத்துலேருந்து. சரி, இவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுப்போமேன்னு. அப்பாவுக்கும்… ஒரு வாய்.”

“ஒரு கப்” என்று நேர்மையாகத் திருத்தினார் மாமனார்.

“சமையலறையில போட்டா இவ மேஜையிலேருந்து கப்பை எண்ணிடுவா. அதான் இங்க. சாதாரண பிளக்குல போட்டா பதினொரு மணிக்குக் கரண்ட் போகும்போது கெட்டில் நின்னுடும். அப்புறம் தானா போடாது. டீ தாமதமாகும். அப்பா பதினொன்னு அஞ்சுக்குக் கேட்பார்.”

“பதினொன்னு எட்டுக்கு வந்தா அது பதினொன்னு அஞ்சு டீ இல்லை” என்றார் மாமனார் கொள்கைப் பிடிப்போடு.

கொழுந்தனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து தலை நீண்டது. “அதனால டீ நிக்கக் கூடாதுன்னு கெட்டிலை யு.பி.எஸ்.ல மாட்டி, கம்ப்யூட்டரை நிறுத்திட்டு, அது நின்னதுக்கு ஆறுதலா அதே டீயைக் கொண்டு போய்க் கொடுத்திருக்கீங்க.”

“அஞ்சு நிமிஷத்துல ஆறுதல் டீ வந்ததுன்னு அவங்க சொன்னதும் எனக்கு உறுத்திச்சு” என்றாள் அண்ணி. “துக்கம் தெரிஞ்சு தண்ணி வெச்சா அஞ்சு நிமிஷத்துல டீ வராது. துக்கத்துக்கு முன்னாடியே அடுப்பு மூட்டியிருக்கணும்.”

வீட்டுக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. கெட்டிலை உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அவரது இருபது வருட அனுபவம் அந்த உள்ளங்கையில் தள்ளாடியது.

“ஆனா இது எழுநூறு கிராம்தாங்க. கம்ப்யூட்டர் ஒன்பது கிலோ. அதையே தாங்குற பெட்டி, இந்த இத்துனூண்டு கெட்டிலைத் தாங்காதா?”

“உங்க பெட்டி அறுநூறு வாட் கொடுக்கும். கம்ப்யூட்டர் இருநூத்தம்பது. இந்த இத்துனூண்டு எவ்வளவுன்னு அடியில பாருங்க.”

வீட்டுக்காரர் திருப்பிப் பார்த்தார். உதடு அசைந்தது. “எண்ணூறு.”

“கரண்ட் இருக்கிற வரைக்கும் சுவர்தான் கொடுக்குது, பெட்டி சும்மா வழிவிட்டு நிக்குது. கரண்ட் போன நொடியில மொத்தமும் பெட்டி தலையில விழுது. அது கையைத் தூக்கிடுது. கெட்டிலும் அப்போ நின்னிருக்கும், நீங்க சுவர்ல மாத்திப் போட்டிருப்பீங்க. ஏன், அது கத்தலையா? அளவுக்கு மேல போனா கீ கீன்னு கத்துமே?”

அப்பாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கத்தும்” என்றார் வீட்டுக்காரர் மெதுவாக. “கெட்டிலைப் போட்டதும் கத்த ஆரம்பிக்கும். தண்ணி காயுதுன்னு சொல்லுதுன்னு நினைச்சோம்.”

“நல்ல மிஷின்னு பாராட்டினேன் நான்” என்றார் மாமனார்.

பதினாலு கிலோ காவல்காரன் திருடன் திருடன் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறான். வீட்டுக்காரிக்குக் காதில் ஹெட்போன். மற்ற இருவரும் டீ தயாராகிறது என்று கை தட்டியிருக்கிறார்கள்.

“பத்து ஐம்பத்தொன்பது” என்றார் மாமனார். இந்த முறை குரலில் கம்பீரம் இல்லை.

நால்வரும் அசையாமல் நின்றார்கள். வீட்டுக்காரர் கெட்டிலைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தார். சிவப்பு எண்கள் பதினொன்று என்று மாறின.

மின்விசிறி சோர்ந்தது. கூடத்து ரேடியோ வாயை மூடியது. சமையலறை விளக்கு செத்தது. அந்த மூன்று விநாடியில் கொழுந்தனுக்கு மூன்று நரைமுடி முளைத்தன. வேண்டுமானால் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த அறையிலிருந்து ஒரே ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. தட தட தட தட. மழை மாதிரி, நிற்காமல். தட்டச்சு.

விசிறி மறுபடி சுழன்றது. வீட்டுக்காரர் கட்டில் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தார், கட்டில் முனகியது. “என்ன காரியம் பண்ணிட்டேன். அவ வேலைக்கு நானே உலை வெச்சேனே” என்றார்.

“அவசரப்படாதீங்க. இன்னும் ஃபைல் போகலை” என்றாள் அண்ணி.

பதினொன்று எட்டுக்கு ஹெட்போன் அக்கா ஒரு காதைத் திறந்துகொண்டு குரல் கொடுத்தாள். “என்னங்க, இன்னைக்கு டீ இல்லையா?”

வீட்டுக்காரர் துண்டை எடுத்துக் கெட்டிலை மறுபடி மூடினார். 

*

பதினொன்று ஐம்பத்தேழுக்கு ஃபைல் போனது. ‘கிடைத்தது, நன்றி’ என்று பதிலும் வந்தது. ஹெட்போன் அக்கா இரண்டு காதையும் விடுவித்துக்கொண்டு திரும்பியபோது, எதிரே வரிசையாக மூவர் நின்றிருந்தார்கள். கையில் கெட்டிலோடு வீட்டுக்காரர். பக்கத்தில் மாமனார். வரிசையில் தான் எதற்கு நிற்கிறோம் என்றே தெரியாமல் கொழுந்தன்.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு கிராம்கூட மறைக்கவில்லை. மூன்றாவது கப் வந்த இடத்தில் மட்டும் மாமனார் லேசாக இருமினார்.

ஹெட்போன் அக்கா முகத்தில் முதலில் கோபம் வந்தது. பிறகு அது வழி தெரியாமல் நின்றது.

“ரெண்டு தடவை அழுதேன். ரெண்டு தடவையும் இந்த டீயைக் குடிச்சுட்டு, நீங்க எவ்வளவு நல்லவர்னு நினைச்சேன்.”

“நல்லவர்தான் அக்கா. அதுல சந்தேகமில்லை” என்றான் கொழுந்தன். “வாட்தான் கொஞ்சம் அதிகமாயிடுச்சு.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே தீர்ப்பும் சொன்னாள்: “கெட்டில் இனிமே சமையலறையில, என் கண் எதிர்ல. மாமா, உங்களுக்கு ரெண்டு கப்தான், அதுல ஒன்னு வேணும்னா பதினொன்னு அஞ்சுக்கு வெச்சுக்கோங்க. அந்த ஒயர் இப்பவே வெளிய வரணும்.”

“முப்பத்தோரு கிலோ?” என்றார் வீட்டுக்காரர் நப்பாசையோடு.

“அதுக்கு அவசியமே இல்லை. இந்தக் காவல்காரன் நல்லவன்தான்” என்றாள் அண்ணி. “எக்ஸ்டென்ஷன் இருந்த இடத்துல இன்டர்நெட் பெட்டியை மாட்டுங்க, அது பத்து வாட்தான். எப்பவாவது புதுசு வாங்கப் போனா, என்னென்ன மாட்டப் போறீங்கன்னு ஒரு சீட்டுல எழுதிக் கூட்டிப் பாருங்க. தராசு எடைமேடையிலேயே இருக்கட்டும்.”

“அப்போ என் கடிகாரம்?” என்றார் மாமனார் தீனமாக.

“சுவர் பிளக்குல மாட்டுங்க மாமா. இந்த வீட்டுச் சட்டம் எல்லாருக்கும் ஒன்னுதான்” என்றாள் ஹெட்போன் அக்கா.

மரச்சட்டத்தை நகர்த்தி, வெள்ளை ஒயரைக் கொழுந்தன் உருவினான். அடுத்த அறையில் சிவப்பு எண்கள் அணைந்தன. மாமனார் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார், கடைசி பஸ்ஸுக்குக் கொடி காட்டுபவரைப் போல. பிறகு சுவரில் சொருகினார்.

அந்த வீட்டில் சரியான நேரம் காட்டிய ஒரே கடிகாரமும் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று கண்ணடிக்கத் தொடங்கியது.

மாமனார் முகத்தைப் பார்க்க யாருக்கும் தெம்பில்லை. அண்ணி மட்டும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மெல்ல அதை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினாள். அவர் பார்த்தார். சமையலறையைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார், துணி துவைக்கும் இயந்திரத்தைப் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது. விசில் மட்டும்தான் கையில் இல்லை.

“மணி பன்னிரண்டு” என்று அறிவித்தார். “எல்லா வண்டியும் சரியான நேரத்துல இருக்கு.”

ஒரு நிமிடம் முழுவதும் அது உண்மையாகவே இருந்தது.